முடுக்கறேன், புடிச்சுக்குங்க!

நாமக்கல்லுக்கு வெளியே, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் ரெண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற ஒரு வீதியில், தனபாலன் என்பவன் பெட்டியில் வந்த காரைத் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துக் கட்ட ஆரம்பித்த வருஷம், அவன் அங்கே ஒரு போல்ட்டை முடுக்கினால் வீதியில் வேறெங்கோ ஒன்று தளர்ந்துபோகும் என்பதை எல்லாரும் தெரிந்துகொண்டார்கள், தெரிந்துகொண்டு பழகியும் போனார்கள், அவன் பெண்டாட்டி பிருந்தா ஒருத்தியைத் தவிர.

பெட்டியில் காரா என்று கேட்காதீர்கள். அப்படியும் விற்கிறார்கள். சட்டம் தனியாக, கதவு தனியாக, சக்கரம் தனியாக, சிவப்பு ஃபைபரில் மூக்கும் முதுகும் தனித்தனியாக மரப்பெட்டிகளில் அடைத்துப் பார்சல் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இஞ்சினை மட்டும் நாமே ஏதாவது ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். கூடவே தலையணை தடிமனில் ஒரு புத்தகம் வரும். தனபாலன் மீசை முளைக்காத வயதிலேயே பட்டறைக்குப் போனவன், அடுத்தவன் லாரிக்குப் பாடி கட்டிக் கட்டியே முதுகு வளைந்தவன், தனக்கென்று ஒன்று, ரெண்டே பேர் உட்காரும்படி, தரையோடு தரையாகப் போகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆசைப்பட்டது தப்பா? தப்பில்லை.

வண்டியிலேயே பிறந்து வண்டியிலேயே சாகிற அந்த வீதியில் புத்தி சொல்லவா ஆள் பஞ்சம்? பெட்டி இறங்கிய அன்றைக்கே கூடிவிட்டார்கள். எல்லாத்தையும் வெளிய எடுத்துப் பரப்பி, வந்துருக்குதா வரலையான்னு பாத்துட்டு அப்பறம் கை வையி என்றார் ஒருவர். கொட்டகைக் கதவ அளந்தயாப்பா, கட்டி முடிச்சுட்டு வெளிய வராம செவுத்த இடிச்சவன் கதையெல்லாம் நம்மூர்லயே கெடக்குது என்றார் இன்னொருவர். ஒயருக்கெல்லாம் துணி கட்டிப் பேரெழுதி வையி, பெயிண்ட் அடிக்கறத ஓட்டிப் பாத்துட்டு வெச்சுக்க, முடுக்குன போல்ட்டு மேல மஞ்சப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வையி, கடசீல போல்ட்டு மிச்சம் விழுந்தா சந்தோசப்படாத, எங்கியோ போடாம உட்டுட்டேன்னு அர்த்தம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆனால் அந்தத் தலையணைப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை மட்டும் அவன் மதிக்கவில்லை. முதல் முறை கட்டுகிறவர்களே, எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள், வண்டி முழுசாகப் பொருந்தி நின்ற பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும் என்று அதில் இருந்தது. லாரிக்கு அப்படி இல்லை. லாரியில் போட்டவுடனே முடுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள், அந்த வீதியின் கை அப்படியே பழகிய கை. "லாரி கட்டுனவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்" என்று சொல்லிக்கொண்டு அவன் முதல் போல்ட்டைப் போட்டு, ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே முடுக்காக முடுக்கினான்.

எதிர் வரிசையில் ஒரு வீட்டில் கல்யாணச் சீராக வந்த நாளிலிருந்து திறக்காத பீரோ அப்போதுதான் தானாகத் திறந்துகொண்டது. அடுத்த போல்ட்டுக்கு, வேலியில் கட்டியிருந்த ஆட்டின் முடிச்சு அவிழ்ந்து ஆடு மெயின் ரோட்டுக்கு நடந்தது. அதற்கடுத்ததற்கு, சுவர்த் தகராறில் தம்பியோடு பேசாமலே கிழவனாகிவிட்ட ஒருவர், வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஏன்டா, சாப்ட்டயா?" என்று கேட்டார். நாக்கும் ஒரு போல்ட்டுதானே. தனபாலன் ஒரு தகட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டதைக் கண்டு அந்தப் போல்ட்டுகளைக் கழற்றியபோது, பீரோ ஒரு புடவையின் முந்தானையைக் கவ்விக்கொண்டு மூடியது, அண்ணன்காரர் பாதிப் பேச்சில் வாய் மூடினார், ஆடு எங்கே நின்றதோ அங்கேயே கட்டிப்போட்டது மாதிரி நின்றுவிட்டது. அப்போதுதான் வீதிக்கு விளங்கியது.

வேறு ஊராக இருந்தால் மந்திரவாதியைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர்கள் போல்ட்டோடு வாழ்கிறவர்கள், டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். "நாம இத்தன வருசமா முடுக்கறமே, எங்கியோ ஒண்ணு லூசாகாமயா இருந்துருக்கும்? தூரத்துல ஆயிருக்கும், நமக்குத் தெரியல. இது பக்கத்துலயே ஆவுது, அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பட்டறையில் செயின் போட்டு கேபினைத் தூக்கும்போது கீழே நிற்கிறவன் கேட்கச் சத்தம் கொடுப்பது வழக்கம், அதே போல ஸ்பேனரைத் திருப்புமுன் தனபாலன் வாசலுக்கு வந்து "முடுக்கறேன், புடிச்சுக்குங்க!" என்று கத்த வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று. அவன் குரல் கேட்டதும் ஆம்பிளைகள் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், சலூன்காரர் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டு நின்றார், டீக்கடைக்காரர் பாய்லர் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார், கொட்டகைக்குள்ளே ராட்செட் ஸ்பேனர் கிர்ரென்று சுற்றி டக்கென்று நின்றதும் எல்லாரும் ஒரு மூச்சு விட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைப் பார்த்தார்கள்.

அது போதாதென்று, சிக்கிக்கொண்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். துருப்பிடித்த தையல் மெஷின் வந்தது, சாவி தொலைந்த டிரங்குப் பெட்டி வந்தது, ஒரு வாரமாக வயிறு இறுகிப்போன ஒரு பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், அன்றைக்கு முடுக்கிய போல்ட்டு அவருக்கே விழுந்ததில் கொட்டகை வாசலை ரெண்டு தடவை கழுவ வேண்டியதாயிற்று. எது தளரும் என்று யாரும் சொல்ல முடியாது, விழுந்தால் விழுந்தது. வீட்டு வாடகை வாங்குகிறவரின் கைதான் கடைசிவரை தளரவே இல்லை என்று சிரித்துக்கொண்டார்கள்.

பிருந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது மூன்றாவது வயிறு. முன்னே ரெண்டும், முகம் பார்க்க விடாமல், ஐந்தாம் மாசத்தில் நழுவிப்போனவை. இந்தத் தடவை டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் ஒரு தையல் போட்டு, சுருக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டு, "இந்தத் தையல்தாம்மா உன் குழந்தையப் புடிச்சுட்டிருக்குது. குனியாத, படியேறாத, கட்டில விட்டு எறங்காத" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொட்டகையை ஒட்டிய அறையில், கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில், தலை தாழக் கால் உயரப் படுத்தே கிடந்தாள். ஒரு ஜன்னல் கொட்டகைப் பக்கம், ஒரு ஜன்னல் வீதிப் பக்கம். மாமியார் ராஜாமணி ஊட்டிவிடுவதைத் தின்றுகொண்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் காதில் ஒரு நாளைக்குப் பல தடவை அந்தக் குரல் விழும். முடுக்கறேன், புடிச்சுக்குங்க. ஊரெல்லாம் எதையாவது பிடித்துக்கொள்ளும். அவள் எதைப் பிடிப்பாள்? ரெண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, தொடைகளை நெருக்கிக்கொண்டு, ஆத்தா தாயே ஆத்தா தாயே என்று கண்ணை மூடிக்கொள்வாள், ராட்செட் டக்கென்று நின்றதும் வீதியில் எங்கேயாவது தட்டு உருள்கிற சத்தமோ சைக்கிள் செயின் கழன்ற ஆளின் ஏச்சோ கேட்கிறவரை அவளுக்கு மூச்சு வராது. எங்கோ ஏதோ விழுந்தால் சரி, தன்னுடையது விழவில்லை. யாருடையதோ விழுந்ததற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே அசிங்கமாக இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் தனபாலன் கை கழுவிவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தபோது கேட்டேவிட்டாள்.

"மாமா, போதும். நிறுத்திக்குங்க."

"ஸ்டீரிங் பாதி நிக்குது அம்மிணி. இன்னும் கொஞ்சந்தான்."

"அந்தக் கொஞ்சத்துல என்னோடது இருந்தா?"

"அது நூலு. இது இரும்பு. ரெண்டுக்கும் என்ன?"

"பீரோ இரும்பு, சரி. தம்பியோட பேசுன பெரியவரு நாக்கு இரும்பா? ஆட்டுக் கவுறு இரும்பா?"

தனபாலன் அவள் வயிற்றைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். இத்தனை நாள் இது தோன்றவே இல்லையே என்ற பயம் அப்போதுதான் அவன் முகத்தில் ஏறியது. அப்படியே எழுந்து போய், பாதியில் நின்ற வண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுத்தான். முடுக்கியதைக் கழற்றவும் பயம், முடுக்காததைத் தொடவும் பயம். இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வீதிக்கு அது பிடிக்கவில்லை. நேரே யாரும் கேட்கவில்லைதான், பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் போய் எப்படிக் கேட்பது? ஆனால் பழக்கிவிட்டு நிறுத்தினால் ஊருக்குக் கோபம் வரும். திறக்காத டப்பாவைத் திறக்காமலே தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள், பூட்டை ஆட்டிக்கொண்டே ஜன்னலைத் தாண்டினார்கள், "நல்லா இருக்கயா பிருந்தா?" என்று கேட்பவர்கள் குரலிலேயே ஒரு இறுக்கம் வந்துவிட்டது.

நேரே கேட்டவள் எதிர் வீட்டு மயிலாத்தாள்தான். அவள் புருஷன் நாச்சிமுத்து கல்கத்தா லைனில் லாரி ஓட்டியவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து அவர் வலது கை, இன்னமும் ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பது போல மூடியே கிடந்தது. உள்ளே நகம் வளர்ந்து உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கியிருந்தது. மயிலாத்தாள் தினமும் வெந்நீரில் துணியை நனைத்து விரலிடுக்கில் நுழைத்து நுழைத்துத் துடைப்பாள், மஞ்சளை ஈர்க்கில் தொட்டு உள்ளே தள்ளுவாள், அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுவார். தனபாலன் ஸ்டீரிங் தகட்டில் போட்ட ரெண்டு போல்ட்டுக்கு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் திறந்துகொண்டன. மிச்ச போல்ட்டுகளைப் போடுவதற்குள் தார்ப்பாய் விழுந்துவிட்டது.

அவள் ஒரு தூக்குப் போசியில் முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவந்து, கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு விரல் அம்மிணி. அதே தகட்டுலதான் மிச்சமும் நிக்குது. உன்னோடதக் கேக்கல நானு. ஸ்டீரிங்கோடத மட்டுந்தான் கேக்கறேன்."

"எது யாரோடதுன்னு யாருக்குங்க்கா தெரியும்?"

"உள்ளாற புழு வெச்சுருமோன்னு பயமா இருக்குது. நாத்தம் வருது கண்ணு. டாக்டரு கையவே எடுத்துரலாம்ங்கறாரு."

பிருந்தா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கை தானாக வயிற்றின் மேல் போனது. "முடியாதுங்க்கா" என்றாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க்கா. முடியாது." மயிலாத்தாள், சாறு ஆறிரும், குடிச்சுரு என்று சொல்லிவிட்டுப் போசியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அந்த நிமிஷத்திலிருந்து பிருந்தாவுக்கு வண்டியைப் பார்த்து வந்த பயம் போய், மனுஷியைப் பார்த்துப் பயம் பிடித்துக்கொண்டது.

அது வீண் பயமும் இல்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் தனபாலன் பட்டறையில் இருந்தான், ராஜாமணி மாவு மில்லுக்குப் போயிருந்தாள், வீதி சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நேரம். கொட்டகையின் பின்கதவு முனகியது. நாயாக இருக்கும் என்று நினைத்தாள் பிருந்தா. தார்ப்பாய் இழுபடுகிற சரசரப்பு கேட்டது. நாய் தார்ப்பாயை மடித்து வைக்குமா? சாக்குக்குள் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசின. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது, ஆனாலும் சொல்லாமல் செய்யக் கூடாது என்பது போல ஒரு கிசுகிசுப்பு வந்தது.

"முடுக்கறேன்... புடிச்சுக்குங்க..."

"அக்கா!" என்று கத்தினாள் பிருந்தா. "அக்கா, வேண்டாங்க்கா! நான் இங்கிருக்கறேங்க்கா!"

கிர்ரென்றது ராட்செட். நின்றது. டக். வீதியில் பாய்லர் மூடி விழுந்து உருண்டது. கிர்ர். டக். யார் வீட்டிலோ ஒரு கதவு தாழ்ப்பாள் விட்டு அடித்துக்கொண்டது. அவள் தலைமாட்டு டம்ளரை எடுத்துச் சுவரில் ஓங்கி ஓங்கி இடித்தாள், கத்திக்கொண்டே இடித்தாள், இடிக்க இடிக்க அந்தப் பக்கம் அவசரம் கூடியது, பாதியில் யாராவது வந்துவிடுவார்களோ என்று பயந்த கை, மேலும் மேலும் முடுக்கிக்கொண்டே போனது. வீதி ஜன்னல் வழியே எதிர் வாசல் தெரிந்தது. தகரப் பந்தலின் கீழே நாச்சிமுத்து தட்டத்தின் முன்னே உட்கார்ந்து ரெண்டு விரலால் சோற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை, பூ மாதிரியெல்லாம் இல்லை, துருப்பிடித்த கீல் மாதிரி நெளிந்து நெளிந்து முழுசாகத் திறந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கை நிறையச் சோற்றை அள்ளினார். "மயிலு!" என்று குழறிக் கத்தினார். "மயிலு, எங்கிருக்கற, வந்து பாரு!"

அதே நேரம் பிருந்தாவுக்குள் ஒரு பிடி விட்டது.

வலி இல்லை. அதுதான் பயங்கரம். கட்டியிருந்த ஒன்று, கட்டியிருக்கிறது என்றே மறந்துபோயிருந்த ஒன்று, மெதுவாக நெகிழ்ந்து கீழே இறங்கியது, வெதுவெதுப்பாக ஏதோ தொடையில் வழிந்தது. கையை விட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் சிவப்பு. முன்னே ரெண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை.

சுவர் இடிக்கிற சத்தம் நின்றுபோனதால்தான் மயிலாத்தாள் ஜன்னலுக்கு வந்தாள். கையில் ஸ்பேனர், முகமெல்லாம் கிரீஸ். பிருந்தா அவளைப் பார்த்து விரல்களை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"போகுதுங்க்கா" என்றாள். "போகுது."

எதிர் வாசலிலிருந்து மறுபடி குரல் வந்தது. "மயிலு! கை முழுசா வந்துருச்சு, பாரு மயிலு!" மயிலாத்தாள் அந்தப் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் உதடு என்னவோ முணுமுணுத்தது. பிருந்தா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, தன் உயிரும் வயிற்றிலிருக்கிற உயிரும் அந்தக் கிரீஸ் அப்பிய முகத்தில்தான் இருக்கிறது, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் எல்லாம் என்று தெரிந்து, இமைக்கவும் பயந்து கிடந்தாள். கெஞ்ச வேண்டும் என்று நினைத்தாள், எந்த வாயால் கெஞ்சுவது? அன்றைக்கு முடியாது என்ற அதே வாயாலா?

முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. ராட்செட் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற சத்தம் கேட்டது. எது பிருந்தாவின் போல்ட்டு, எது தன் புருஷனுடையது என்று பார்த்துக்கொண்டிருக்க மயிலாத்தாளுக்கு நேரமில்லை, மஞ்சள் பொட்டு வைத்தது வைக்காதது என்று பார்க்காமல் அந்தத் தகட்டில் இருந்த எல்லாவற்றையும், தனபாலன் முதலில் போட்ட ரெண்டையும் சேர்த்து, கழற்றிக் கழற்றித் தரையில் போட்டாள். ஒவ்வொன்று விழும்போதும் பிருந்தாவின் உள்ளே ஏதோ இழுபட்டு இழுபட்டு, கடைசியில் ஒரு சுண்டு சுண்டி நின்றது. ரத்தம் நின்றது. எதிர் வாசலில் நாச்சிமுத்து அலறினார். வாய்க்குக் கொண்டுபோன கை, சோற்றோடு சேர்ந்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாக, முன்னைவிட இறுக்கமாக மூடிக்கொண்டுவிட்டது.

மயிலாத்தாள் ஸ்பேனரைச் சாக்கில் கட்டி ஆணியில் மாட்டிவிட்டு, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, வீதியைக் கடந்து தன் வீட்டுக்குப் போனாள். அன்று பொழுது சாய்கிற வரை தகரப் பந்தலின் கீழே உட்கார்ந்து, கொண்டை ஊசியால் புருஷனின் விரலிடுக்கிலிருந்து சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்து ராஜாமணி சொல்லியனுப்ப, டாக்டரம்மா வந்து பார்த்து, தையல் நகர்ந்து திரும்ப நின்றிருக்கிறது, எப்படி என்றுதான் தெரியவில்லை என்றார். நடந்ததைப் பிருந்தா யாரிடமும் சொல்லவில்லை. மயிலாத்தாளும் சொல்லவில்லை. வீதிக்கும், தரையில் கிடந்த போல்ட்டுகளைப் பார்த்த தனபாலனுக்கும் தெரியாமலா இருக்கும்? அந்த வீதி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளக் கற்ற வீதி, அதையும் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் யாரும் பூட்டை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் வரவில்லை.

மாசம் நிறைந்ததும் டாக்டரம்மா ஒரு கத்திரியால் தையலை வெட்டி எடுத்துவிட்டார், அவ்வளவு சுளுவாக. பெண் குழந்தை. தீட்டுக் கழிய வீடு கழுவிப் புண்ணியார்ச்சனை முடிந்த மறுநாள் காலை, பிருந்தா குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். தனபாலன் ஓடி வந்தான்.

"பைத்தியமா உனக்கு? தையலோட போல்ட்டு அதுலதான் ஒண்ணு. இப்பத் தையல் இல்ல. அது வேற என்னத்த லூசாக்குமோ! உங்கை நழுவி உட்டுருச்சுன்னா?"

"எனக்கு மட்டும் பயமில்லீங்களா மாமா? நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள். "ஆனா எதுத்தாப்புல அந்தக் கை நாத்தம் நம்ம ஊட்டு ஜன்னலுக்கே வருது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"நான் முடுக்கறேன், நீ தள்ளிக்க" என்று தனபாலன் ஆணியிலிருந்து ஸ்பேனர் சாக்கை எடுத்தான், ஆனால் முடிச்சை அவிழ்க்காமலே நின்றான். அவள் அவனைத் தாண்டி வீதியைக் கடந்து மயிலாத்தாள் முன்னே போய் நின்றாள்.

"அக்கா, இவளப் புடிச்சுக்குங்க. நான் போயி அதையெல்லாம் திரும்பப் போடறேன்."

மயிலாத்தாள் பின்வாங்கினாள். "என்ர கையிலயா? என்ர கைய நம்பறயா அம்மிணி?"

"நம்பிக்கையெல்லாம் இல்லீங்க்கா. ஆனா வேற யாருகிட்டக் குடுத்துட்டும் என்னால உள்ள போக முடியாது."

மயிலாத்தாள் அப்படியே வீதியின் நடுவில், புழுதியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். விழுந்தாலும் மடியில் விழட்டும் என்றுதான். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்து, முந்தானையால் சேர்த்துச் சுற்றி இடுப்பில் முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் முடிச்சுப் போட்டு, அதன் மேல் ரெண்டு கையையும் கோத்துக்கொண்டாள். வீதி வெளியே வந்து நின்றது. பிருந்தா கொட்டகை வாசலில் நின்று, இதுவரை தன் வாயால் சொல்லியிராத அதைச் சொல்லிக் கத்தினாள், குரல் பாதியில் உடைந்தது. ஆம்பிளைகள் வேட்டியைப் பிடித்தார்கள். அம்மாக்கள் பிள்ளைகளைப் பிடித்தார்கள்.

முதல் போல்ட்டுக்குச் சலூன் போர்டு ஒரு பக்கம் தொங்கியது. அடுத்ததற்கு ஒன்றும் கேட்கவில்லை, எதிர் வாசலிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது. பிருந்தா கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு முடுக்கினாள். அடுத்ததற்கு, மயிலாத்தாளின் இடுப்பில் முந்தானை முடிச்சு தானாக நெகிழ்ந்தது, மேல் முடிச்சு, அதற்கடுத்த முடிச்சு, துணி முழுக்கச் சரிந்து புழுதியில் விழுந்தது. வீதி ஐயோ என்றது. குழந்தையின் மேல் மயிலாத்தாளின் ரெண்டு கை மட்டும்தான் இருந்தது. கோத்த விரல் விலகவில்லை.

கடைசி போல்ட்டும் டக்கென்றது.

தகரப் பந்தலின் கீழிருந்து நாச்சிமுத்துவின் குரல் எழுந்தது. "மயிலு! ஏ மயிலு! அஞ்சும் வந்துருச்சு, இங்க பாரு! மயிலு!" வீதி மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. அவர் புண்ணான உள்ளங்கையை வெயிலில் விரித்துத் தூக்கிக் காட்டி அழுதுகொண்டிருந்தார்.

மயிலாத்தாள் மட்டும் திரும்பவில்லை. குனிந்து குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிருந்தா ஓடி வந்து முன்னால் மண்டியிட்டாள்.

"ஆச்சுங்க்கா. எல்லாம் முடிஞ்சுது. குடுத்துட்டுப் போயிப் பாருங்க, அண்ணன் கூப்புடறாரு."

"நல்லாப் பாத்துட்டயா?" என்றாள் மயிலாத்தாள், கண்ணை எடுக்காமல். "ஒண்ணும் உட்டுப் போகலயே? இன்னொருக்காப் போயிப் பாத்துட்டு வா அம்மிணி. அதுவரைக்கும் நான் இங்கியே உக்காந்திருக்கறேன்."